விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் ஒரே அச்சுப்பொறி: எந்த வழியைத் தேர்வது?

கணக்குப் பிரிவில் இருப்பவர் விடுப்பு எடுத்தால் அன்றைக்கு வடிவமைப்புப் பிரிவில் ஒரு தாள்கூட அச்சாகாது என்ற விசித்திரமான நிலைமை எங்கள் பதிப்பக அலுவலகத்தில் ஏறத்தாழ ஓராண்டு நீடித்தது. அச்சுப்பொறி அவருடைய விண்டோஸ் கணினியில் யுஎஸ்பி கேபிளால் இணைக்கப்பட்டு, அங்கிருந்து மற்ற எல்லோருக்கும் பகிரப்பட்டிருந்ததுதான் காரணம். டேலிக்காக விண்டோஸ் கணினிகள் ஒன்பது, பக்க வடிவமைப்புக்கு மேக் இரண்டு, இணையதள வேலைக்கு உபுண்டு (லினக்ஸ்) மூன்று என்று பதினான்கு கணினிகளும் அந்த ஒரு கணினியை நம்பியே இருந்தன. அவர் அதை அணைத்துவிட்டுப் போன நாளில் மேக்கில் இருப்பவர் 'அச்சுப்பொறி இணைப்பில் இல்லை' என்ற வரியைப் பார்த்துக்கொண்டிருப்பார். உபுண்டுவில் அனுப்பிய கோப்புகள் வரிசையில் சத்தமில்லாமல் தேங்கிக் கிடக்கும்.

இப்படிப் பல இயங்குதளங்கள் கலந்திருக்கும் அலுவலகத்தில் அச்சு நின்றுபோனால் பெரும்பாலானவர்கள் முதலில் டிரைவரைத்தான், அதாவது அச்சுப்பொறியை இயக்கும் மென்பொருளைத்தான், தேடிப் போகிறார்கள். என் அனுபவத்தில் டிரைவர் இரண்டாவது கேள்விதான். கணினிக்கும் அச்சுப்பொறிக்கும் நடுவில் யார் நிற்கிறார்கள், அவர்கள் எந்த மொழியில் பேசிக்கொள்கிறார்கள் என்பதே முதல் கேள்வி. அந்தக் கேள்விக்கு நடைமுறையில் நான்கு விடைகள் உள்ளன: ஒரு விண்டோஸ் கணினி வழியாகப் பகிர்வது, ஒவ்வொரு கணினியும் அச்சுப்பொறியுடன் நேரடியாகப் பேசுவது, நடுவில் தனியாக ஓர் அச்சுச் சேவையகம் வைப்பது, இணையம் வழியே இயங்கும் மேகச் சேவையிடம் விட்டுவிடுவது. இவற்றில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒருநாள் பழுது வரும். ஆகவே எது எளிதில் அமைகிறது என்பதைவிட, பழுதானால் எதில் காரணத்தை விரைவில் கண்டுபிடிக்கலாம் என்பதை அளவுகோலாக வைத்தே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

வழியை மாற்றுவதற்கு முன் இப்போதைய கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பிரித்தறிந்துகொள்வது நல்லது. இல்லாவிட்டால் பழைய கோளாறு புதிய வழிக்கும் கூடவே வந்து சேரும். முதலில் அச்சுப்பொறியின் சொந்தப் பலகையிலிருந்தே ஒரு சோதனைப் பக்கத்தையும் அமைப்புப் பக்கத்தையும் எடுங்கள். அது வராவிட்டால் கணினிகளைத் தொடவே வேண்டாம். வந்தால், அந்தப் பக்கத்தில் இருக்கும் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதன் எண்) மூன்று இயங்குதளங்களிலிருந்தும் 'பிங்' செய்து, அதாவது கூப்பிட்டால் பதில் வருகிறதா என்று, பாருங்கள். மூன்றுக்கும் பதில் வந்தபின், ஒரே பிடிஎஃப் கோப்பை மூன்றிலிருந்தும் அச்சிடுங்கள். ஒன்றில் மட்டும் வரவில்லை என்றால் அந்தக் கணினியின் அச்சு வரிசையிலோ டிரைவரிலோ கோளாறு. விண்டோஸ்கள் அனைத்திலும் வந்து மற்றவற்றில் வரவில்லை என்றால் பகிரும் முறையில் கோளாறு. இந்தப் பதினைந்து நிமிட வேலையைச் செய்யாமல் டிரைவரை நீக்குவதும் மறுபடி நிறுவுவதுமாக அரை நாளைக் கழித்தவர்களில் நானும் ஒருவன்.

முதல் வழியான விண்டோஸ் பகிர்வு இவ்வளவு பரவலாக இருப்பதற்குக் காரணம், அதற்குச் செலவு எதுவும் இல்லை என்பதுதான். அச்சுப்பொறியில் நெட்வொர்க் வசதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பண்புகள் சாளரத்தில் ஒரு பெட்டியை டிக் செய்தால் முடிந்தது. மற்ற விண்டோஸ் கணினிகளுக்குத் தேவையான டிரைவரைப் பகிரும் கணினியே கொடுத்தும் விடுகிறது. ஆனால் இந்த வசதி விண்டோஸுக்கும் விண்டோஸுக்கும் இடையிலானது. மேக்குக்கும் லினக்ஸுக்கும் அது டிரைவர் எதையும் தராது; அவை எஸ்எம்பி என்ற பகிர்வு நெறிமுறை வழியாக உள்ளே வந்து, விண்டோஸ் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து, தங்களிடம் ஏற்கெனவே இருக்கும் டிரைவரைக் கொண்டுதான் அச்சிட வேண்டும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பகிரும் கணினியின் கடவுச்சொல் மாறிய மறுநாளே மேக்கில் அச்சு வேலை 'அங்கீகாரத்துக்காக நிறுத்தப்பட்டது' என்று நின்றுவிடும்; மேக் கடவுச்சொற்களை வைத்திருக்கும் சாவிக்கொத்தில் சேமித்த பழைய கடவுச்சொல்லை அழித்து, புதியதைக் கொடுத்தால்தான் நகரும். லினக்ஸிலோ அதே காரணத்துக்கு 'அணுகல் மறுக்கப்பட்டது' என்ற ஒற்றை வரி மட்டும் பதிவேட்டில் விழும், திரையில் ஒன்றும் தெரியாது.

இதற்குமேல் 2021ஆம் ஆண்டின் கதை வேறு இருக்கிறது. அந்த ஜூலையில் 'பிரிண்ட் நைட்மேர்' என்று பெயர் பெற்ற பாதுகாப்பு ஓட்டை அச்சு வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் விண்டோஸின் அச்சு ஸ்பூலரில் வெளிப்பட்டது. அதை அடைக்க வந்த ஆகஸ்ட் புதுப்பிப்புக்குப் பிறகு, பகிரும் கணினியிடமிருந்து டிரைவரைப் பெற நிர்வாகி உரிமை கட்டாயமாயிற்று. செப்டம்பரில் இன்னொரு பழைய ஓட்டைக்கான திருத்தம் முழு அளவில் அமலானதும், அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பகிர்வுகள் '11பி' என்று முடியும் பிழை எண்ணைக் காட்டி நின்றன. பலர் புதுப்பிப்பையே நீக்கினார்கள். சிலர் விண்டோஸின் உள்அமைப்புகள் இருக்கும் பதிவகத்தில் ஒரு மதிப்பைப் பூச்சியமாக்கி அந்தப் பாதுகாப்பை அணைத்தார்கள். இரண்டும் கதவு இறுகிவிட்டது என்று தாழ்ப்பாளைக் கழற்றி வைப்பது போன்ற வேலை. இரு பக்கக் கணினிகளையும் ஒரே அளவுக்குப் புதுப்பிப்பதுதான் முறையான தீர்வு என்றாலும், பழைய விண்டோஸ் ஒன்று கூட்டத்தில் இருந்துவிட்டால் அது நடக்காது.

ஆகவே இந்த வழிக்கு எதிராக என் வாக்கு. பகிரும் கணினி உறங்கிப்போகும், அணைக்கப்படும், புதுப்பிப்புக்காக மறுதொடக்கம் ஆகும். இவற்றில் ஒன்றும் மேக்கில் இருப்பவருக்குத் தெரியாது. மூன்று நான்கு விண்டோஸ் கணினிகள் மட்டுமே இருக்கும் இடத்தில், பகிரும் கணினி எப்போதும் விழித்திருக்கும் என்ற உறுதி இருந்தால் மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வழி நேரடி இணைப்பு. அச்சுப்பொறியில் நெட்வொர்க் கேபிள் செருகும் இடமோ வைஃபையோ இருக்கிறதென்றால், நடுவில் ஒரு கணினியை நிறுத்துவதற்கு நியாயமே இல்லை. ஆனால் 'நேரடி' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று பாதைகள் ஒளிந்திருக்கின்றன. எந்தப் பாதை என்று தெரியாமல் சேர்த்துவிடுவதால்தான் ஒரே அச்சுப்பொறி ஒரு கணினியில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் நடந்துகொள்கிறது.

மிகப் பழைய பாதை எல்பிடி (லைன் பிரிண்டர் டீமன்). பெர்க்லி யூனிக்ஸிலிருந்து வந்தது. 515ஆம் போர்ட்டில் (போர்ட் என்பது நெட்வொர்க் சேவை ஒன்றின் வாசல் எண்) இயங்குவது. அதன் நெறிமுறை 1990இல் ஆவணமாக்கப்பட்டது. வரிசையின் பெயரைச் சரியாகக் கொடுக்காவிட்டால் அச்சுப்பொறி வாயே திறக்காது. இன்று புதிதாக அமைப்பவர்கள் இதைத் தொட வேண்டியதில்லை.

அடுத்தது 9100ஆம் போர்ட். இது நெறிமுறை என்பதைவிட ஒரு குழாய் என்பதே பொருந்தும்: கணினி ஒரு முனையில் ஊற்றுவது அச்சுப்பொறியின் மறுமுனையில் அப்படியே விழும். வேகமானது, எல்லா இயங்குதளங்களிலும் இருக்கிறது, அமைப்பதும் எளிது. குழாய்க்குள் என்ன போகிறது என்று யாரும் சரிபார்ப்பதில்லை என்பதே இதன் குறை. அச்சுப்பொறிக்குப் புரியாத மொழியில் டிரைவர் எழுதி அனுப்பினால், ஒவ்வொரு தாளின் தலையிலும் ஒரே ஒரு வரி கிறுக்கல் எழுத்துகளோடு கட்டுக்கட்டாகத் தாள் வெளியே வரும். எங்கள் உபுண்டு கணினி ஒன்றில் பொருந்தாத டிரைவரைத் தேர்ந்தெடுத்த அன்று இது நடந்தது. தாள் தட்டை உருவியபின்தான் அது நின்றது. விண்டோஸில் இதே பாதைக்கு இன்னொரு தனிப்பட்ட நோய் உண்டு. அச்சுப்பொறி 'பிங்'குக்குப் பதில் தரும், மேக்கிலிருந்து அச்சாகும், விண்டோஸில் மட்டும் 'ஆஃப்லைன்' என்று சாம்பல் நிறத்தில் கிடக்கும். போர்ட் அமைப்புக்குள் போய் 'எஸ்என்எம்பி நிலை' (அச்சுப்பொறியின் நிலையை வினவும் முறை) என்ற பெட்டியின் டிக்கை எடுத்தால் பல சமயங்களில் உடனே உயிர்பெற்றுவிடும். அச்சுப்பொறி அந்த வினவலுக்குப் பதில் தராததை விண்டோஸ் மரணம் என்று முடிவுகட்டியிருக்கும். விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துச் சேர்க்கும் அச்சுப்பொறிகளில் 'டபிள்யூஎஸ்டி' என்ற போர்ட் அமைந்துவிட்டாலும் இதே மாதிரியான மறைந்து தோன்றும் விளையாட்டு நடக்கும்; அங்கே ஐபி முகவரியைக் கொடுத்துக் கையால் சேர்ப்பதே மேல்.

மூன்றாவது பாதை ஐபிபி (இணைய அச்சு நெறிமுறை), 631ஆம் போர்ட். என் தேர்வும் இதுதான். 2000ஆம் ஆண்டில் இதன் 1.1 பதிப்பு வெளிவந்தது. 2010இல் ஆப்பிள் கொண்டுவந்த ஏர்பிரிண்ட், பின்னர் வந்த ஐபிபி எவ்ரிவேர், மோப்ரியா ஆகிய டிரைவர் தேவையில்லாத அச்சு முறைகள் மூன்றும் இதன்மேல் கட்டப்பட்டவையே. குழாய்க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இதில் கணினி முதலில் கேள்வி கேட்கிறது என்பதுதான்: உன்னிடம் என்ன தாள் அளவுகள் உள்ளன, இருபக்க அச்சு உண்டா, வண்ணம் உண்டா, எந்த வடிவக் கோப்பை ஏற்பாய்? அச்சுப்பொறி தானே பதில் சொல்வதால், தயாரிப்பாளரின் தனி டிரைவர் இல்லாமலே மேக், உபுண்டு, விண்டோஸ், கைப்பேசி எல்லாம் அச்சிட முடிகிறது. தாள் தீர்ந்ததா, டோனர் முடிந்ததா என்பதும் கணினித் திரைக்கே வந்துவிடுகிறது. தயாரிப்பாளர்களின் டிரைவர்களுக்கு விண்டோஸ் புதுப்பிப்பு வழியே தரும் ஆதரவைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்ததும், கப்ஸ் என்ற அச்சு அமைப்பு தன் அடுத்த பெரிய பதிப்பில் பழைய டிரைவர் முறையைக் கைவிடத் திட்டமிட்டிருப்பதும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

ஐபிபியிலும் கோளாறு வரும். ஆனால் அது வரும் இடம் தெரிந்த இடம். அச்சுப்பொறி தன்னைத் தானே அறிவித்துக்கொள்வது 5353ஆம் போர்ட்டில் செல்லும் பலமுனை அறிவிப்பு மூலமாக. அந்த அறிவிப்பு வழக்கமாக ஒரு நெட்வொர்க் பிரிவை விட்டு அடுத்த பிரிவுக்குத் தாண்டுவதில்லை. வைஃபையில் இருக்கும் மேக்குக்கு அச்சுப்பொறி தெரியவில்லை, கேபிளில் இருக்கும் உபுண்டுவுக்குத் தெரிகிறது என்றால், மேக் விருந்தினர் வைஃபையில் இருக்கிறதா, ரவுட்டரில் கணினிகளை ஒன்றிலிருந்து ஒன்று தனிமைப்படுத்தும் வசதி முடுக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தனிமைப்படுத்தல் இருந்தால் அதை நீக்கியே ஆக வேண்டும். பிரிவுகள் வேறாக இருந்து இடையே போக்குவரத்து அனுமதிக்கப்பட்டிருந்தால், தானாகத் தெரிவதற்காகக் காத்திராமல் ஐபி முகவரியைக் கொடுத்துச் சேர்த்துவிடலாம். அந்த முகவரி மாறாமல் இருக்க வேண்டும் என்பதால், ரவுட்டரில் முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி அமைப்பில் அச்சுப்பொறியின் மேக் முகவரிக்கு ஓர் ஐபியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். (இங்கே 'மேக்' ஆப்பிள் கணினி அல்ல, நெட்வொர்க் அட்டையின் எண், இந்த ஒரு சொல்லால் எங்கள் அலுவலகத்தில் நடந்த குழப்பம் தனிக் கதை.) மின்வெட்டுக்குப் பிறகு ரவுட்டர் வேறு முகவரி கொடுத்ததால் எல்லாக் கணினிகளிலும் ஒரே நேரத்தில் அச்சு நின்ற நாளன்று, யாரும் எந்த டிரைவரையும் தொட்டிருக்கத் தேவையில்லை.

டிரைவர் இல்லாத முறைக்கு ஒரு விலை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்டேப்பிள் அடிப்பது, ரகசிய எண் கொடுத்தால் மட்டும் அச்சாகும் வசதி, பிரிவுவாரிக் குறியீடு போன்ற பெரிய இயந்திரங்களின் சிறப்பு வசதிகள் சில இயந்திரங்களில் பொது டிரைவர் வழியே தெரிவதில்லை. அவை அன்றாடம் தேவைப்படும் கணினிகளுக்கு மட்டும் தயாரிப்பாளரின் டிரைவரை நிறுவிக்கொள்ளலாம்.

அச்சுப்பொறியில் யுஎஸ்பி மட்டுமே இருந்தால் நேரடி வழி அடைபட்டுப்போகிறது. நம் ஊர் அலுவலகங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் கேனன் எல்பிபி 2900, எச்பி லேசர்ஜெட் 1020 இரண்டும் இந்த வகை. அவற்றைத் தூக்கிப் போட மனம் வராதவர்களுக்கான மூன்றாவது வழி, கப்ஸ் ஓடும் ஒரு சிறு லினக்ஸ் கணினியை அச்சுச் சேவையகமாக வைப்பது. மைக்கேல் ஸ்வீட் 1990களின் இறுதியில் உருவாக்கிய இந்த அமைப்பை ஆப்பிள் 2002இல் தன் மேக் இயங்குதளத்தில் சேர்த்துக்கொண்டது. ஆகவே மேக்கும் லினக்ஸும் அச்சு விஷயத்தில் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். சேவையகம் அச்சுப்பொறியிடம் அதன் சொந்த மொழியில் பேசும், மற்றவர்களிடம் ஐபிபியில் பேசும். மேக்குக்குத் தானாகவே தெரியும். விண்டோஸில் சேவையகத்தின் முகவரி, 631ஆம் போர்ட், வரிசையின் பெயர் மூன்றையும் இணைய முகவரி போலத் தட்டி, பொது டிரைவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். உரிய மொழிக்கு மாற்றும் வேலையைச் சேவையகம் பார்த்துக்கொள்கிறது.

பழுது கண்டுபிடிப்பதிலும் இந்த வழிக்கு ஓர் ஈடில்லாத வசதி இருக்கிறது: எல்லா வேலைகளும் ஒரே வரிசையில் நிற்கின்றன, ஒரே பதிவேட்டில் எழுதப்படுகின்றன. யாருடைய கோப்பு, எப்போது வந்தது, எந்தப் படியில் தடுக்கியது என்பதை உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்தே பார்த்துவிடலாம். யார் எத்தனை பக்கம் அச்சிட்டார்கள் என்ற கணக்கு வேண்டும் என்று மேலாளர் கேட்டாலும் இதுவே வழி.

ஆனால் வாங்குவதற்கு முன் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மலிவாக இருக்கிறதே என்று ராஸ்பெர்ரி பை வாங்கி வைத்தபின் எல்பிபி 2900க்கான கேனனின் லினக்ஸ் டிரைவரைத் தேடினால், அது இன்டெல் வகைச் செயலிகளுக்கு மட்டுமே ஆனது என்பது அப்போதுதான் தெரியவரும். தன்னார்வலர்கள் எழுதிய திறமூல டிரைவரைத்தான் நாட வேண்டியிருக்கும். பழைய இன்டெல் கணினி ஒன்று மூலையில் கிடந்தால் அதையே சேவையகமாக்குவது தலைவலி குறைந்தது. லேசர்ஜெட் 1020இன் குணம் வேறு: அதன் ஃபர்ம்வேரை (அச்சுப்பொறிக்குள் ஓடும் மென்பொருள்) ஒவ்வொரு முறை மின்சாரம் வந்தபிறகும் கணினி அதற்குள் ஏற்ற வேண்டும். அந்த ஏற்பாடு சரியாக அமையாத சேவையகத்தில், காலையில் அச்சுப்பொறியை முடுக்கியதும் விளக்குகள் எல்லாம் பச்சையாக இருக்கும், வேலை 'முடிந்தது' என்றும் வரும், தாள் மட்டும் வராது. பாதுகாப்பைப் பொறுத்தவரை, 2024 செப்டம்பரில் கப்ஸின் துணை நிரலான கப்ஸ்-பிரவுஸ்டில் வெளிப்பட்ட ஓட்டையை நினைவில் வைத்து, புதுப்பிப்புகளை நிறுவி, தேவையில்லை என்றால் அந்த நிரலை நிறுத்திவிடுங்கள். 631ஆம் போர்ட் அலுவலக நெட்வொர்க்குக்கு வெளியே தெரியவே கூடாது.

மேகச் சேவையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கூகுளின் கிளவுட் பிரிண்ட் 2010இல் தொடங்கி 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு மூடப்பட்டது. அதை நம்பியிருந்தவர்கள் புத்தாண்டுக்குள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. மைக்ரோசாஃப்டின் யுனிவர்சல் பிரிண்ட் சந்தாவோடு வருவது. பல ஊர்களில் கிளைகள் உள்ள, ஏற்கெனவே அந்தச் சந்தாவில் இருக்கும் நிறுவனத்துக்கு அது பொருந்தலாம். பத்தடி தூரத்தில் இருக்கும் அச்சுப்பொறிக்கு இணையம் சுற்றிப் போவதும், இணையம் அறுந்த நாளில் ரசீது அடிக்க முடியாமல் நிற்பதும் சிறு அலுவலகத்துக்கு எதற்கு?

எந்த வழியைத் தேர்ந்தாலும் கூடவே வரும் இரண்டு தொல்லைகளை நெட்வொர்க் கோளாறு என்று தவறாக எண்ணிவிடக் கூடாது. ஒன்று தாள் அளவு. அமெரிக்க ஆங்கிலத்தை மொழியாகத் தேர்ந்து நிறுவிய உபுண்டுவும் மேக்கும் லெட்டர் அளவையே, அதாவது 216க்கு 279 மில்லிமீட்டரை, இயல்பாக எடுத்துக்கொள்வதுண்டு. தட்டில் இருப்பதோ 210க்கு 297 என்ற ஏ4. அச்சுப்பொறி லெட்டர் தாளைக் கேட்டு ஆரஞ்சு விளக்கை மினுக்கிக்கொண்டு நிற்கும். பின்னால் வரிசையில் நிற்கும் விண்டோஸ்காரர்கள் தங்கள் கணினியில்தான் கோளாறு என்று மறுதொடக்கம் செய்துகொண்டிருப்பார்கள். எங்கள் அலுவலகத்தில் 'நெட்வொர்க் போச்சு' என்று வந்த புகார்களில் பல இந்த விளக்கோடு முடிந்துபோயின. மற்றது எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து அச்சிட்டால் ஆங்கில எழுத்துகளின் கலவை வரும். யுனிகோடு எழுத்துக்கு எழுத்துரு இல்லையென்றால் கட்டங்கள் வரும். கோப்பை உருவாக்கிய கணினியிலேயே எழுத்துருவை உட்பொதித்து பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் தீர்ந்தது. அப்படி அனுப்பியும் திரையில் சரியாக இருந்து தாளில் மட்டும் கொம்பும் காலும் இடம்மாறினால், அப்போதுதான் டிரைவரைச் சந்தேகிக்க வேண்டும்; 'படமாக அச்சிடு' என்ற தேர்வை வைத்து ஒருமுறை பார்த்தால் சந்தேகம் உறுதியாகிவிடும்.

எங்கள் அலுவலகத்தில் கடைசியில் எடுத்த முடிவு இது. நெட்வொர்க் வசதியுள்ள ஓர் அச்சுப்பொறி வாங்கி, அதைக் கேபிளில் செருகி, முகவரியை ஒதுக்கி, பதினான்கு கணினிகளிலும் ஐபிபி வழியாகச் சேர்த்தோம். கணக்குப் பிரிவின் பழைய யுஎஸ்பி அச்சுப்பொறியை ஒரு பழைய கணினியில் கப்ஸ் நிறுவி அதன் கீழ் வைத்தோம். மெய்ப்புத் தாள்கள் எல்லாம் இப்போது அதில்தான் போகின்றன. விண்டோஸ் பகிர்வை அன்றைக்கே நீக்கினோம், ஏனென்றால் பழைய வழி திறந்திருந்தால் பாதிப் பேர் பழக்கத்தில் அதற்கே அனுப்பிவிட்டு, வரவில்லை என்று புதியதன் அருகே வந்து நிற்பார்கள். இரண்டு அச்சுப்பொறிகளின் மூடியிலும் ஐபி முகவரி, வரிசையின் பெயர், தட்டில் இருக்கும் தாள் அளவு ஆகிய மூன்றையும் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கிறது. போன மாதம் கணக்குப் பிரிவில் இருப்பவர் நான்கு நாள் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார். அவர் இல்லை என்பது வடிவமைப்புப் பிரிவுக்குத் தெரியவே இல்லை.